பளபளக்கும் சுவருக்குள் என்ன இருக்கின்றது?

சுவர் இருந்தாற்றான் சித்திரம் எழுதலாம் என்பது தமிழர் காலங்காலமாகச் சொல்லிவரும் பழமொழி. உடல்நலத்தைப் பேணுவதற்கு உவமையாகச் சொல்லப்பட்ட அந்தச் சுவர், இன்று மேலைநாட்டு மாநகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நேர்ப்பொருளிலேயே ஒரு கேள்வியாகி நிற்கின்றது. இலண்டனிலும் மெல்பேர்ணிலும் அடுக்குமாடியில் வீடு தேடும் பெற்றோர், பாடசாலை எவ்வளவு தூரம், தொடருந்து நிலையம் எவ்வளவு தூரம், வாசல் எத்திசை நோக்கியது என்றெல்லாம் விசாரிக்கின்றனர். கட்டடத்தின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் பளபளப்பான தகட்டுக்குள் என்ன இருக்கின்றது என விசாரிப்பது மட்டும் அரிதாகவே உள்ளது. உயிரையும் வாழ்நாட் சேமிப்பையும் ஒருங்கே தொடும் கேள்வி அதுவே.

பேச்சுவழக்கிற் ‘கிளாடிங்’ எனப்படும் இந்த மூடுதகடுகளிற் பெரிதும் பயன்படுவது அலுமினியக் கூட்டுத்தகடாகும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள 2 அலுமினியத் தகடுகளும், அவற்றுக்கிடையே ஒட்டப்பட்ட சில மில்லிமீற்றர் தடிப்புள்ள உள்ளீடும் சேர்ந்ததே இது. எடை குறைந்தது, விலை மலிவானது, மழையையும் குளிரையும் தடுக்க உதவுவது, பழைய சீமெந்துக் கட்டடத்தையும் புதியதுபோலக் காட்டுவது. இந்த நன்மைகளை எவரும் மறுப்பதற்கில்லை.

ஆனால் அனைத்தையும் தீர்மானிப்பது நடுவிலுள்ள அந்த உள்ளீடுதான். எரியாத கனிமப் பொருளால் அது பெரும்பாலும் நிரப்பப்பட்டிருந்தால் தீப்பற்றுவது கடினம். அது வெறும் பொலித்தீனாக இருந்தால், கடைகளிற் கிடைக்கும் பைகளுக்குரிய அதே வகைப் பொருளே சுவரெங்கும் பரவியிருக்கின்றது என்பது பொருள். எடைக்கு எடை பெற்றோலுக்கு நிகரான வெப்பத்தை அது வெளியிடும். தகட்டுக்கும் சுவருக்கும் இடையே நீர் வடிவதற்கும் காற்றோட்டத்துக்குமாக விடப்படும் இடைவெளி, தீவிபத்தின்போது புகைபோக்கியாக மாறிச் சுவாலையை மேலே இழுக்கின்றது. தெருவில் நின்று பார்ப்பவருக்கோ இரு வகைத் தகடுகளும் ஒன்றுபோலவே தோன்றும்.

2017 ஜூன் 14 ஆம் நாள், மேற்கு இலண்டனின் கிரென்பெல் கோபுரத்தில் நிகழ்ந்ததை உலகம் அறியும். 24 மாடிகள் கொண்ட அக்கட்டடத்தின் 4 ஆம் மாடிச் சமையலறையொன்றிற் குளிர்சாதனப் பெட்டியில் தீ மூண்டது. நள்ளிரவு தாண்டி 12.54 மணிக்குத் தீயணைப்புப் படைக்கு முதல் அழைப்பு சென்றது. 1.27 மணியளவில் தீ வெளிச்சுவர் வழியாகக் கோபுரத்தின் உச்சியை எட்டிவிட்டது. வீட்டை விட்டு வெளியேறவேண்டாம் என்ற வழமையான அறிவுரையோ அதன் பின்னரும் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக நீடித்தது. 72 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 18 பேர் சிறுவர். மாண்டோரிற் பலர், வேற்று நாடுகளிலிருந்து வந்து அந்நகரில் வாழ்வைக் கட்டியெழுப்பியவர்கள்.

அந்தப் பொலித்தீன் தகடு அங்கு வந்த வரலாறு சிந்திக்கத்தக்கது. 1970களிற் கட்டப்பட்ட அக்கோபுரத்தைப் புதுப்பித்தபோது, முதலில் துத்தநாகத் தகடே முன்மொழியப்பட்டிருந்தது. செலவிற் சுமார் 3 இலட்சம் பவுண்களை மீதப்படுத்துவதற்காக அலுமினியக் கூட்டுத்தகடு தெரிவுசெய்யப்பட்டது. 2024 செப்ரெம்பரில் வெளிவந்த பொது விசாரணையின் இறுதி அறிக்கை, தகட்டைத் தயாரித்த ஆர்கோனிக் நிறுவனம் அதன் ஆபத்தின் உண்மையான அளவைச் சந்தையிடமிருந்து வேண்டுமென்றே மறைத்தது என்று கூறியது. அரசு, உள்ளூராட்சி மன்றம், கட்டடக்கலைஞர், ஒப்பந்தகாரர் என ஒவ்வொரு படியிலும் பொறுப்புத் தவறியிருந்தது. அத்தனை மரணங்களும் தவிர்த்திருக்கக்கூடியவை என்றார் விசாரணைத் தலைவர் சேர் மார்ட்டின் மூர்-பிக்.

குடியிருந்தோர் வாய்மூடி இருக்கவில்லை. தீப்பாதுகாப்பிலுள்ள குறைகளை ஆண்டுக்கணக்காக எழுதினர். பேரழிவொன்று நேர்ந்தாலன்றி நிர்வாகத்தின் சீர்கேடு வெளிப்படாது என 2016 நவம்பரிலேயே எச்சரித்தனர். அவர்கள் தொல்லை தருவோராகவே பார்க்கப்பட்டனர். கேட்டும் பயனில்லையெனில் எதற்காகக் கேட்கவேண்டும் என்ற ஐயம் இங்கு எழுவது இயல்பே. அதற்கான விடை, அதன்பின் மாறிய சட்டத்தில் இருக்கின்றது.

இங்கிலாந்தில் 18 மீற்றருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருட்களைப் பயன்படுத்துவது 2018 டிசெம்பரில் தடைசெய்யப்பட்டது. 2022 ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், 18 மீற்றர் அல்லது 7 மாடிக்குக் குறையாத குடியிருப்புகளின் பொறுப்பாளர், குடியிருப்போருக்குப் பாதுகாப்புத் தகவல்களை வழங்கவும் அவர்களின் முறைப்பாடுகளை விசாரிக்கவும் வேண்டும் என்கின்றது. வீட்டு உரிமையாளருக்கு மட்டுமன்றி வாடகைக்கு இருப்போருக்கும் இது பொருந்தும். 16 வயது நிரம்பிய இளையோரும் இதற்குள் அடங்குவர். அன்று கிரென்பெல் மக்களின் கையில் இல்லாதிருந்த உரிமை இன்று சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. 72 உயிர்களின் விலையிற் கிடைத்த அந்த உரிமையைப் பயன்படுத்தாதிருப்பது, அது இல்லாதிருப்பதற்கே ஒப்பாகும்.

இது உயிரைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. கிரென்பெல்லுக்குப் பின்னர் வெளிச்சுவரின் நிலையைச் சான்றுப்படுத்தும் படிவமின்றி வங்கிகள் அடைமானக் கடன் வழங்கத் தயங்கின. ஆபத்தான தகடு பொருத்தப்பட்ட வீடுகளை விற்கவும் முடியாது, விட்டு விலகவும் முடியாது பல குடும்பங்கள் அல்லலுற்றன. 11 மீற்றருக்கு மேற்பட்ட கட்டடங்களில், சட்டம் வகுத்த தகுதிகளுக்குட்பட்ட குத்தகை உரிமையாளர்களிடம் தகட்டை அகற்றும் செலவை அறவிட முடியாது என 2022 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. இதனை அறியாத ஒருவர் வந்த பற்றுச்சீட்டுக்கெல்லாம் பணம் செலுத்திவிடக்கூடும்.

கடல் கடந்த அவுஸ்திரேலியாவும் இப்பாடத்தைக் கற்றிருக்கின்றது. 2014 நவம்பரில் மெல்பேர்ண் துறைமுகப் பகுதியிலுள்ள லக்ரோஸ் அடுக்குமாடியில், 8 ஆம் மாடி மாடத்தில் அணைக்கப்படாத ஒரு சிகரெட்டிலிருந்து மூண்ட தீ, சில நிமிடங்களிற் கூரைவரை ஏறியது. நற்பேறாக உயிரிழப்பு எதுவும் இல்லை. குடியிருப்பு உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து வழக்காடினர். கட்டிய நிறுவனம் 57 இலட்சம் டொலருக்கு மேல் இழப்பீடு வழங்கவேண்டும் எனவும், அதிற் பெரும்பகுதியைத் தீப்பாதுகாப்புப் பொறியியலாளர், கட்டட ஆய்வாளர், கட்டடக்கலைஞர் தரப்பினரே ஏற்கவேண்டும் எனவும் 2019 இற் தீர்ப்பாயம் தீர்மானித்தது. தனித்தனியே நின்றிருந்தால் அவர்களிற் பலர் அந்தச் செலவைத் தாமே சுமந்திருப்பர்.

‘வந்த இடத்தில் ஏன் வம்பு’ என்ற மனப்பாங்கு முதற் தலைமுறையினரிடம் இன்னமும் உண்டு. அகதியாக வந்து, அச்சத்துடன் விண்ணப்பங்களை நிரப்பி, அதிகாரியின் முன் தலைகுனிந்து நின்ற காலத்தின் எச்சம் அது. அதனை எள்ளி நகையாடுவது முறையன்று. ஆயினும், வாடகையும் வரியும் தவறாது செலுத்தும் ஒருவர் தன் பிள்ளைகள் உறங்கும் சுவரைப் பற்றி வினவுவது வம்பாகாது.

இங்கேதான் இளையோரின் கடமை தொடங்குகின்றது. பெற்றோருக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களைச் சிறுவயது முதல் வாசித்துச் சொல்லி வளர்ந்த தலைமுறை இது. பல்கலைக்கழகத்தில் அவர்கள் பெற்ற கல்வி, கட்டட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதவும் பயன்படட்டும். வெளிச்சுவரில் உள்ளது எவ்வகைத் தகடு? அதன் உள்ளீடு என்ன? இறுதியாகத் தீப்பாதுகாப்பு மதிப்பீடு எப்போது செய்யப்பட்டது? தீ மூண்டால் வீட்டில் இருப்பதா, வெளியேறுவதா? முதிய பாட்டியை மாடிப்படியால் இறக்குவதற்கு என்ன ஏற்பாடு? இந்த 5 கேள்விகளுக்கும் எழுத்திற் பதில் பெறவேண்டும். பதில் வராவிடின் அயல்வீட்டாரையும் சேர்த்து மீண்டும் எழுதவேண்டும். அயல்வீட்டார் எம்மொழி பேசுவோராயினும், தீக்கு மொழி வேறுபாடு இல்லை.

ஊரில் வீடு கட்டியோர், அத்திவாரத்துக்கு இட்ட கல் முதல் கூரைக்கு வாங்கிய மரம்வரை ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தே ஏற்றுக்கொண்டனர். புலம்பெயர்ந்த மண்ணில் வீட்டை வேறெவரோ கட்டுகின்றனர். தட்டிப் பார்க்கும் உரிமை மட்டும் குடியிருப்போரிடமே எஞ்சியிருக்கின்றது. அடுத்த முறை அந்தப் பளபளக்கும் சுவரைக் கடந்து வீட்டினுள் நுழையும்போது, அதற்குள் என்ன இருக்கின்றது என்ற கேள்வியையும் ஒவ்வொரு குடும்பமும் உடன் எடுத்துச் செல்லட்டும்.