சருகுக்குள் ஓடும் வண்டுக்குப் பெயர் என்ன?

வாழைக்குப் போட்ட சருகு மூடாக்கைப் புரட்டினால், கடுகில் பாதிகூட இல்லாத வண்டுகள் ஓடுகின்றன என்று எழுதியிருக்கிறார் திண்டுக்கல் மாவட்ட வாசகி ஒருவர். மருந்துக் கடையில் குருணை போடச் சொன்னார்களாம். மாமனாரோ சருகைக் கூட்டிக் கொளுத்திவிடலாம் என்கிறாராம். அது என்ன வண்டு, அதன் பெயர் என்ன என்பது அவருடைய கேள்வி.

பெயர் சொல்வதுதான் சிரமம். மண்ணிலும் சருகிலும் வாழும் பொடி வண்டுகளில் பலவற்றுக்கு இன்னும் பெயரே வைக்கப்படவில்லை. கென்யாவில் கிடைத்த ஒரு வண்டின் கதையைக் கேட்டால் இது புரியும். 1960-களின் நடுவில், நைரோபியில் வில்லியம் பிளாக் என்ற ஆய்வாளர் மண்ணையும் சருகையும் அள்ளி, அதிலிருந்த பூச்சிகளைச் சேகரித்தார். 1978-ல் அவை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே பெயர் தெரியாத மாதிரிகளோடு அவையும் கிடந்தன. மைக்கேல் டார்பி என்பவர் அவற்றை ஆராய்ந்து, அதில் ஒன்று புதிய இனம் என்று 2019-ல்தான் அறிவித்தார். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது!

வெளிர் மஞ்சள் நிறம். நீளம் 0.79 மில்லிமீட்டர்தான். கண்ணும் கிடையாது, இறக்கையும் கிடையாது. சுவீடன் நாட்டின் சுற்றுச்சூழல் போராளி கிரெட்டா துன்பர்க்கின் நினைவாக 'நெல்லாப்டோடஸ் கிரெட்டே' என்று பெயர் வைத்தார் டார்பி.

புதிய இனம் என்று சும்மா சொல்லிவிட முடியாது. அதன் சொந்தக்கார வண்டுகள் அத்தனையோடும் ஒப்பிட வேண்டும். இந்தக் குடும்பத்து வண்டுகள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பெண் வண்டின் வயிற்றுக்குள் விந்தைச் சேமிக்கும் பையின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பல இனங்களைப் பிரிக்கிறார்கள். கடைசியில் ஒரு வண்டை மூல மாதிரியாகக் குறித்து, பத்திரமாக வைத்து, விவரத்தை அச்சில் வெளியிட வேண்டும். நிலத்துக்கு மூலப்பத்திரம் மாதிரிதான். பிறகு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதை எடுத்துப் பார்ப்பார்கள்.

இந்தக் குடும்பத்து வண்டுகள் மட்கும் பொருளில் வளரும் பூஞ்சண இழைகளையும் வித்துகளையும் தின்பவை. பச்சைப் பயிரைத் தொடுவதில்லை.

வாசகியின் தோட்டத்தில் ஓடுவதும் இதே குடும்பம்தான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால், மருந்து வேண்டுமா என்று முடிவு செய்யப் பெயர் தேவையில்லை. வாழையில் பயப்பட வேண்டியது கிழங்குக் கூன்வண்டுக்குத்தான். அதுவும் பகலில் சருகுக்குள் பதுங்கும். ஆனால் அது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக, கறுப்பாக, நீண்ட மூக்கோடு இருக்கும். சந்தேகம் இருந்தால், வாழைத்தண்டை நீளவாக்கில் பிளந்து, வெட்டுப்பக்கம் தரையில் படும்படி மரத்தடியில் வைத்து, மறுநாள் காலையில் புரட்டிப் பார்க்கலாம். கூன்வண்டு சிக்கவில்லை, கிழங்கிலும் துளை இல்லை என்றால் குருணைக்கு வேலையே இல்லை. பல குருணை மருந்துகள் மண்புழுவையும் சேர்த்துக் கொன்றுவிடும். கொளுத்தினால் சருகிலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும். மாமனாருக்கு இதைப் பக்குவமாகச் சொல்லிப் பார்க்கட்டும்.

வண்டை நன்றாகப் பார்க்க ஆசையிருந்தால் ஒரு புனல் போதும். உள்ளே கொசுவலைத் துணியை விரித்து, சருகைப் போட்டு, ஒரு சாண் உயரத்தில் 40 வாட்ஸ் குண்டு பல்பை எரியவிட வேண்டும். தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் பயந்து பூச்சிகள் கீழே இறங்கி, புனலுக்கு அடியில் வைத்த ஸ்பிரிட் பாட்டிலில் விழும். அந்தப் பாட்டிலை வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறைக்குக் கொண்டுபோய்க் காட்டலாம். ஊர், தேதி, எந்த மரத்தடி என்ற விவரத்தைத் தாள் துண்டில் பென்சிலால் எழுதி உள்ளேயே போட்டுவிட வேண்டும். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.