செம்மங்குப்பம் கோரிக்கைச் சாசனம்: காலநிலை நிதியில் எங்கள் பங்கு

2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 பெருவெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். கடலூர்க்காரர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். ஒவ்வொரு முறையும் நிவாரணம் வந்தது. அடுத்த முறை அடிபடாமல் தப்பிக்கச் செய்ய வேண்டிய வேலைகள்தான் பாதியில் நின்றன. உப்பனாற்றையும் சிப்காட் தொழிற்பேட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழும் நாங்கள் கேட்பது அந்த வேலைகளையும், அவற்றுக்கான பணத்தில் எங்கள் பங்கையும். உரிமை உண்டா இல்லையா என்று இங்கே வாதாடப் போவதில்லை. ஏன் இவ்வளவு தாமதம் என்று மட்டும் கேட்கிறோம்.

பங்கீட்டை மேலிருந்தே தொடங்குவோம். மாறும் பருவநிலைக்கு ஈடுகொடுக்க, அதாவது தகவமைப்புக்கு, வளரும் நாடுகளுக்கு 2023-இல் வெளியிலிருந்து வந்த அரசுப் பணம் சுமார் 2,600 கோடி டாலர் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்கு. 2035 வாக்கில் ஆண்டுக்குத் தேவைப்படுவதோ 31,000 கோடி டாலருக்குக் குறையாது. நூறு பேர் உட்கார்ந்த பந்தியில் எட்டுப் பேருக்குத்தான் சோறு. பசுமைக் காலநிலை நிதியம் தகவமைப்புப் பணத்தில் பாதியையாவது மிகப் பின்தங்கிய நாடுகளுக்கும் சிறு தீவுகளுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் தர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அந்த விதியோடு எங்களுக்கு வழக்கில்லை; மூழ்கும் தீவு நாடான துவாலுவின் பங்கில் கைவைத்து எங்கள் கரையை உயர்த்த வேண்டாம். ஆனால் இன்னொரு நிதியமான தகவமைப்பு நிதியம் 2021-இல் ஒரு நாட்டுக்கு 2 கோடி டாலர் என்று உச்சவரம்பு வைத்தபோது, சுமார் 11,000 பேர் வாழும் துவாலுவுக்கும் 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்கும் அதே வரம்புதான். இதற்கு மருந்து, ஏழை நாடுகள் தங்களுக்குள் இழுபறி செய்வதில் இல்லை. பணக்கார நாடுகள் தொகையைப் பெருக்க வேண்டும், அதையும் கடனாக இல்லாமல் மானியமாகத் தர வேண்டும் என்று ஒன்றிய அரசு ஒவ்வொரு மாநாட்டிலும் வற்புறுத்த வேண்டும். பாகு மாநாட்டில் 2024-இல் பேசி முடித்த, ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற தொகைக்கு 2035 வரை தவணை. அதற்குள் எத்தனை ஐப்பசி, எத்தனை கார்த்திகை!

டெல்லி வெளியே கேட்கும் நியாயத்தை வீட்டுக்குள்ளும் நடத்திக்காட்ட வேண்டும். 2018-இல் பசுமைக் காலநிலை நிதியம் இந்தியக் கடலோர மக்களுக்காக 4.34 கோடி டாலர் ஒதுக்கியது. ஆந்திரம், மகாராஷ்டிரம், ஒடிசா ஆகிய மூன்று மாநிலங்களுக்கு அது போனது. ஒடிசா மீனவருக்குக் கிடைத்ததை நாங்கள் பறிக்க வரவில்லை. அடுத்த பட்டியல் எப்போது, எந்த அளவுகோலில் என்றுதான் கேட்கிறோம். எந்தக் கரையைப் புயல் எத்தனை முறை அடித்தது, நிலம் எவ்வளவு தாழ்வு, எத்தனை கூரை வீடுகள் என்று கணக்கிட்டு வரிசை வெளியிடுங்கள். அந்த வரிசையில் கடலூர் மாவட்டம் எங்கே நிற்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

தமிழ்நாடு அரசுக்கும் இதே கேள்வி. கடற்கரையை மீட்க உலக வங்கி உதவியோடு ரூ.1,675 கோடியில் நெய்தல் மீட்சி இயக்கத்தை அறிவித்தீர்கள், வரவேற்கிறோம். அதில் கடலூர் மாவட்டத்துக்கு எவ்வளவு, ஊர்வாரியாக எவ்வளவு என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவையுங்கள். வங்கிக் கடன் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அடைபடும். அதில் வாங்கியது என்ன என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஃபெஞ்சலுக்குப் பிறகு மாநிலம் உடனடியாகக் கேட்டது ரூ.2,000 கோடி. முதலில் வந்தது ரூ.944.80 கோடி, அதுவும் பேரிடர் நிதியில் எப்படியும் தரவேண்டிய ஒன்றியப் பங்கு. போகட்டும். அடிபட்டபின் கேட்கும் பணத்தைவிட, அடிபடுவதற்கு முன் செலவழிக்கும் பணமே எங்களுக்கு முக்கியம். பேரிடர் நிதியில் ஐந்தில் ஒரு பங்கைப் பாதிப்பைத் தணிக்கும் வேலைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 15-ஆவது நிதிக்குழு வகுத்தது. அந்தப் பங்கிலிருந்து பரவனாற்றையும் உப்பனாற்றையும் மழைக்கு முன் தூர்வாருங்கள். கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிடும்போதெல்லாம் தீவாகும் திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி மக்களுக்கு அங்கேயே மேடான தங்குமிடம் கட்டுங்கள். கடலூர் நகரில் மின்கம்பிகளை நிலத்தடிக்குக் கொண்டுபோக முடிந்தது; கிராமங்களிலும் அதைச் செய்யுங்கள். 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை திறந்துவிடப்பட்டது. அப்படி ஒரு முடிவு எடுத்தால், தென்பெண்ணைக் கரையின் கடைசித் தெருவரை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். கைப்பேசிக் குறுஞ்செய்தி தூங்குகிறவரை எழுப்பாது.

நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் பரவனாற்றில்தான் சேர்கிறது. சிப்காட் ஆலைகளைச் சுற்றித் தேங்கும் மழைநீரில் எங்கள் பிள்ளைகள் கால் வைக்க அஞ்சுகிறோம். இவற்றைச் சரிசெய்யும் செலவு அந்தந்த நிறுவனங்களுடையது. மக்களுக்கு வரும் காலநிலை நிதியில் ஆலைக்குச் சுற்றுச்சுவர் எழுப்பக் கூடாது. இதை இந்த ஆண்டே எழுத்தில் அறிவியுங்கள்.

2025 ஜூலை 8 காலை எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். அங்கே சுரங்கப்பாதைக்கு முழு நிதியும் ஒதுக்கியாயிற்று, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதிதான் ஓராண்டாக வரவில்லை என்றது தெற்கு ரயில்வே. யார்மீது குற்றம் என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையில்லை. ஒதுக்கிய பணம் ஒரு கையெழுத்துக்காகக் காத்துக்கிடந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு இனி யாரும் விளக்க வேண்டியதில்லை. நிதி ஒதுக்கிய எந்தப் பாதுகாப்பு வேலைக்கும் 60 நாளில் அனுமதி வர வேண்டும், இல்லையென்றால் காரணத்தோடு மறுப்பு வர வேண்டும். (சுரங்கப்பாதை வெட்டும்போது மழைநீர் வெளியேற வழியையும் சேர்த்தே வெட்டுங்கள், குளம் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.)

மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்தை நடத்துபவர் ஆட்சியர். வந்த பணம், செலவு, மீதி, நின்றுபோன வேலைகள் அத்தனையையும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் அவர் சார்பில் ஓர் அதிகாரி வந்து வாசிக்க வேண்டும். எந்த வேலை முதலில் என்பதைச் சபை தீர்மானிக்கும். அக்டோபர் 2 சபைக்குள் அந்த முதல் வேலை முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு மழைக்காலம்.