குற்றவாளிக் கூண்டில் நோயாளி

மருந்தை அரைகுறையாக உண்ணும் பாமரனே நுண்ணுயிர்கொல்லிகளின் ஆற்றலைக் கெடுத்தான் என்று கூறுவது இன்று ஒரு வாய்பாடாகிவிட்டது. சுவரொட்டிகள் அதனைக் கூறுகின்றன. சுகாதாரப் பாடங்கள் கூறுகின்றன. ஆசிரியராகிய நாமும் மாணவர் முன் அதையே ஒப்புவிக்கிறோம். மருத்துவர் சொற்படி மருந்துண்ண வேண்டும் என்ற அறிவுரையை நான் மறுக்கவில்லை. ஆனால், உண்மையின் ஒரு பாதியைக் கூறி மறுபாதியை மறைப்பது போதனையாகாது. அது எளியவன் மீது பழி சுமத்துவதேயாகும். மறைக்கப்படும் அந்த மறுபாதி, கோழிப் பண்ணையிலும் மாட்டுப் பட்டியிலும் கிடக்கிறது.

1950 ஆம் ஆண்டளவில், ஐக்கிய அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர், தீனியில் சிறிதளவு நுண்ணுயிர்கொல்லியைக் கலந்தால் கோழிக்குஞ்சுகள் விரைந்து வளர்வதை வெளிப்படுத்தினர். அன்று தொட்டு, மனிதனின் உயிர்காக்கும் மருந்து தீனிச் சரக்குகளுள் ஒன்றாயிற்று. “வருத்தமில்லாத கோழிக்கு ஏன் சேர் மருந்து?” என்று என் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். கேள்வி எளியது, விடையும் எளியது. நிறை கூடினால் இலாபம் கூடும்.

அச்சிறிதளவு மருந்து செய்யும் வேலை யாது? எளிதில் இறக்கும் பற்றீரியாக்களை அழித்து, எதிர்த்து நிற்க வல்லவற்றுக்கு இடத்தை ஒழித்துக் கொடுக்கிறது. அவை பெருகுகின்றன. மேலும், எதிர்ப்பாற்றலைத் தரும் மரபணுக்களை ஒரு பற்றீரியா மற்றொன்றுக்குக் கையளிக்கவும் கூடும். பல மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒரே பொதியாகக் கைமாறுவதும் உண்டு.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் ரவ்ற்ஸ் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி ஸ்ருவர்ட் லெவி, ஒரு குடும்பத்தின் பண்ணையில் கோழிகளுக்குத் தெற்றாசைக்கிளின் கலந்த தீனியைக் கொடுத்து ஆராய்ந்தார். 1976 இல் முடிவு வெளிவந்தது. ஒரே வாரத்தில் கோழிகளின் குடற் பற்றீரியாக்கள் ஏறக்குறைய முழுவதும் அம்மருந்தை எதிர்ப்பனவாயின. ஐந்தாறு மாதங்களுள், பண்ணையில் வாழ்ந்தோரின் மலமாதிரிகளில் 31.3 சதவீதமானவற்றில், பற்றீரியாக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தன. அயலவரிடம் இது 6.8 சதவீதமே. அவ்வாய்வுக்குப் பணம் உதவியது விலங்கு மருந்து உற்பத்தியாளரின் சங்கம் என்பதை நாம் மறத்தலாகாது. கிடைத்த முடிவை அத்தொழிற்றுறை ஏற்கவில்லை.

பண்ணையில் விளைந்தது பண்ணையோடு நிற்கவுமில்லை. 1983 இல் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்கள் நான்கில், பல மருந்துகளுக்கு அடங்காத சல்மனெல்லாக் கிருமியால் 18 பேர் நோயுற்றனர். நுண்ணுயிர்கொல்லி கலந்த தீனியுண்ட மாடுகளின் இறைச்சியே அதன் ஊற்று என ஆய்வாளர் கண்டறிந்தனர். அவர்களுள் 12 பேர், வேறு நோய்க்காகப் பெனிசிலின் இன மருந்தை உண்டுகொண்டிருந்தவர்கள். அம்மருந்து குடலிலுள்ள ஏனைய பற்றீரியாக்களை அழிக்க, உணவோடு புகுந்த கிருமி தடையின்றிப் பெருகியது. மருந்தே நோய்க்கு வழிவிட்டது. இங்கே குற்றவாளி யார்? மருந்துண்ட நோயாளியா?

அரசு என்ன செய்தது? 1977 இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம், பெனிசிலினையும் தெற்றாசைக்கிளின் பயன்பாட்டிற் பெரும்பாலானதையும் தீனியிலிருந்து விலக்க முன்வந்தது. “இன்னும் ஆராய்க” என்று சட்டமன்றம் தடுத்தது. 2011 இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளை வளர்ச்சிக்காகக் கொடுப்பது 2017 இலேயே நின்றது. நாற்பது ஆண்டுகள்! நோய்த்தடுப்பு என்னும் பெயரில், மிருக வைத்தியரின் அனுமதியோடு தீனியில் மருந்து கலக்கும் வாயில் இன்னும் அடைபடவில்லை.

மருந்தை நிறுத்தினால் ஏழையின் இறைச்சி விலையேறும் என்பர் சிலர். இலாபத்துக்கு ஆபத்து வரும்போதெல்லாம் ஏழையின் நினைவு வருவது இவர்களுக்கு வழக்கம். டென்மார்க் 2000 ஆம் ஆண்டளவில் இம்முறையை முற்றாக நிறுத்தியது. அதன் பின்னரும் அது பன்றியிறைச்சி ஏற்றுமதியில் முன்னணி நாடாகவே நின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் இதனைத் தடைசெய்தது. அங்கே எவரும் பட்டினியால் மடியவில்லை. மருந்து பயனற்றுப்போகும் நாளில் விலையுயர்ந்த புதிய மருந்தைத் தேடிப்பிடிக்கும் வசதி செல்வனுக்கு உண்டு, ஏழைக்கு ஏது?

விஞ்ஞானி தன் கடமையைச் செய்தார், உண்மையைக் கண்டார், கண்டதைச் சொன்னார். ஆனால், கண்ட உண்மையை நடைமுறையாக்கும் அதிகாரம் ஆய்வுகூடத்தில் இல்லை. அது யார் கையில் இருக்கிறது, யாருக்காகப் பயன்படுகிறது என்ற வினாவை எழுப்பாத சுகாதாரப் பாடம் முழுமையான பாடமன்று. ஆசிரிய நண்பர்களே, நாளை வகுப்பறையில் மருந்தைப் பற்றிப் பேசும்போது, நோயாளியின் கடமையோடு நிறுத்திவிடாதீர்கள். கோழித் தீனியில் மருந்து கலந்தவனின் கணக்கையும் கரும்பலகையில் எழுதுங்கள்.