விழாமலே முறியும் எலும்பு

டோர்ட்மண்ட் என்றாலே எமக்கு மஞ்சள் கறுப்பு உதைபந்தாட்டம்தான். ஆனால் இதே நகரில் வாண்டரர்ஸ் என்ற பேஸ்பால் கழகமும் இருக்கிறது. டென்னிஸ், பேஸ்பால் என்று எதற்கும் பிள்ளைகள் போகக்கூடிய ஊரில் இருக்கிறோம். மட்டை பிடிக்கும் கைக்கு வரும் ஒரு காயத்தை நாமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. அவற்றில் ஒன்றை ஜேர்மன் மொழியில் ஹாக்கன்பைன், அதாவது கொக்கி எலும்பு என்பார்கள். சுண்டுவிரல் பக்கம், உள்ளங்கையின் அடியில் அதன் கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். பேஸ்பால் மட்டையின் அடிக்குமிழ் அழுத்துவது அந்த இடத்தில்தான். விழத் தேவையில்லை, பந்து படத் தேவையில்லை. ஒரு வேகமான வீச்சே போதும். அமெரிக்க நட்சத்திர வீரர் மைக் ட்ரவுட்டுக்கு 2023 ஜூலை 3 அன்று இடது கையில் நடந்தது இதுதான்.

சிக்கல் என்னவென்றால், வழமையான எக்ஸ்றே படத்தில் இந்த முறிவு பெரும்பாலும் தெரியாது. சி.ரி. ஸ்கானில் தெளிவாகத் தெரியும். "ஒன்றுமில்லை, சுளுக்கு" என்று கேட்டு வீட்டுக்கு வந்தால், எங்கள் வீடுகளில் அடுத்த வேலை எண்ணெய் பூசி உருவுவதுதான். ஊரில் புக்கை கட்டிச் சுகம் கண்டவர்கள் நாங்கள். அந்த நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் கொக்கிக்கு இரத்த ஓட்டம் குறைவு, தானாகப் பொருந்துவது கடினம். பொருந்தாத முனையில் உரசி உரசி, சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மடக்கும் தசைநார்கள் அறுந்துபோகலாம்.

ஆரம்பத்திலேயே பிடிபட்டால், விலகாத முறிவுக்குப் பத்துப்போட்டுப் பார்ப்பதுண்டு. விளையாட்டு வீரர்களுக்குப் பெரும்பாலும் உடைந்த கொக்கியையே அகற்றிவிடுகிறார்கள். ஆறு வாரமளவில் பலர் ஆட்டத்துக்குத் திரும்புகிறார்கள். ஹோசே ராமிரெஸ் 2019இல் ஒரு மாதத்தில் திரும்பி, அன்றே இரண்டு ஹோம் ரன் அடித்தார். ட்ரவுட்டோ ஏழு வாரத்தில் வந்து, ஒரே ஆட்டத்தோடு வலியால் அந்தப் பருவத்தையே இழந்தார். எல்லாக் கையும் ஒன்றல்ல.

இங்கே பாடசாலையில் நடந்த காயம் என்றால் சட்டரீதியான விபத்துக் காப்புறுதி பொறுப்பேற்கும். அதற்கென உள்ள டே-ஆர்ட்ஸ்ட் மருத்துவரிடம் போகவேண்டும். கழகத்தில் நடந்தால் வழமையான மருத்துவக் காப்புறுதிதான். எங்கே போனாலும், "விழவில்லை, மட்டை வீசும்போது வந்த வலி, உள்ளங்கையில் இந்த இடம்" என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டால் கைச் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். மொழிபெயர்க்கும் வேலையை வலியோடு இருக்கும் பிள்ளையிடமே விட்டுவிடாதீர்கள். அடுத்த ஆட்டத்துக்குப் போகும் அவசரத்தில் அது "இப்ப பரவாயில்லை" என்றுதான் சொல்லும்.