லைட்டை மட்டும் அணைத்தால் போதுமா?

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். "அண்ணே, அந்த மஞ்சள் லைட்டை மட்டும் அணைச்சுக் குடுங்க, பொல்யூஷன் சர்டிபிகேட்தான் இருக்கே" என்று கேட்காத கார்க்காரர்கள் குறைவு.

டாஷ்போர்டில் அந்த இன்ஜின் லைட் எரிவது பல நேரம் கேட்கானுக்காக, அதாவது கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்காக. இன்ஜினை ஒட்டிச் சைலன்சர் குழாயில் இருக்கும் டப்பா அது. உள்ளே தேன்கூடு மாதிரிப் பீங்கான்; அதன்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சு. 300 டிகிரி அளவுக்குச் சூடேறினால் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றின் விஷத்தையும் பெரும்பாலும் முறித்துவிடும். இதற்கு முன்னோடி யூஜின் ஹூட்ரி. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸுக்குச் சிலை வைத்திருக்கும் நம் ஊரில் இந்தப் பிரெஞ்சுக்காரரை யாருக்குத் தெரியும்? அவர் காலத்துப் பெட்ரோலில் இருந்த ஈயம் கேட்கானைப் பாழாக்கியது. இந்தியாவில் 1995இல்தான் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்கான் கட்டாயமானது. நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் ஒழிந்தது 2000இல்.

கேட்கான் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. பிளக்கோ காயிலோ போய் இன்ஜின் மிஸ்ஸிங் ஆனால், எரியாத பெட்ரோல் கேட்கானுக்குள் போய் எரியும். பீங்கான் உருகி வழியை அடைக்கும். ஆயில் குடிக்கும் இன்ஜின் பூச்சைக் கெடுக்கும். வெள்ளத்தில் ஓட்டினால் சூடான பீங்கான் விரிசல் விடலாம். அடைத்துக்கொண்ட வண்டி ஈ.சி.ஆரில் எவ்வளவு மிதித்தாலும் பிக்கப் எடுக்காது. உடைந்திருந்தால், வண்டி ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், கலகலக்கும். அழுகிய முட்டை நாற்றமும் ஓர் அடையாளம். காரணத்தைச் சரிசெய்யாமல் புதுசு மாட்டினால் அதுவும் போய்விடும்.

சில ஷெட்டுகளில் தேன்கூட்டைக் குடைந்தெடுத்து வெறும் கூட்டை மாட்டிவிடுகிறார்கள். வண்டி பறக்கும், வண்டிக்காரருக்குப் பணம் மிச்சம் என்ற நினைப்பு. குடைந்ததைப் பிளாட்டினத்துக்காக விற்கிறவருக்குத்தான் உண்மையான லாபம். விஷம் சிவாஜி சிலை சிக்னலில் பின்னால் நிற்கும் ஸ்கூட்டர்க்காரரின் மூக்குக்கு.

பொல்யூஷன் சர்டிபிகேட் தரும் புகைச் சோதனையில் பெட்ரோல் வண்டியின் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. புதிய கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கிறது. ஸ்கேனரைச் சொருகினால் பி0420, அதாவது கேட்கான் சரியாக வேலை செய்யவில்லை என்று வண்டியே சொல்லிவிடும். சோதனை மையங்களில் அதையும் கட்டாயமாக்க வேண்டும். பிழை காட்டினால் சர்டிபிகேட் கிடையாது என்றால், மிஸ்ஸிங் தொடங்கும்போதே பிளக்கை மாற்ற வந்துவிடுவார்கள். எனக்கும் நாலு வேலை கூடும். அதை நான் ஒளிக்கவில்லை.