ஆளில்லாத மேல்தளம்

பிளாஸ்டிக் போர்க்கப்பல் மாதிரிகளைப் ‘பெரியவர்களின் பொம்மை’ என்று எள்ளுவோரோடு நாம் உடன்படவில்லை. தோல்வியின்போது ஜப்பானியர் யமாட்டோ கப்பலின் வரைபடங்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டனர். எஞ்சிய சில புகைப்படங்களையும், 1985இல் கடலடியில் அடையாளம் காணப்பட்ட சிதைவையும் ஒப்புநோக்கி ஒரு பீரங்கியின் இடத்துக்காக மல்லுக்கட்டுவது, சுவடிகளில் பாடபேதம் பார்ப்பதற்குச் சற்றும் குறைந்ததன்று. நம் மறுப்பு வேறு. 263 மீட்டர்க் கப்பல் 1/350 அளவில் முக்கால் மீட்டராகிறது. கைப்பிடிக் கம்பிகள்கூடப் பித்தளைத் தகட்டில் மயிரிழையாய் வந்துவிடுகின்றன. 5 மில்லிமீட்டர் மனிதன் மட்டும் ஏன் பெரும்பாலும் ஏறுவதேயில்லை? 1945 ஏப்ரல் 7 அன்று அக்கப்பலோடு மாண்டவர்கள் சுமார் 3,000 பேர். துருவுக்கே மூன்று சாயல் தேடும் கைகள், மேல்தளத்தைக் காலியாக விட்டுவிட்டு அதற்கு ‘வரலாற்றுத் துல்லியம்’ என்று பெயரும் சூட்டுவதை நாம் ஏற்பதற்கில்லை.