ஏணி ஒன்று, இராகம் இரண்டு

நம் மாணவருட் சிலர் இந்நாளில் செயற்கை நுண்ணறிவுத் துணைவனை வினவி இராக மெட்டுக்களைப் பெற்று, கணினியின் இசை மென்பொருளில் இட்டு ஒலிப்பிக்கின்றனர். அம்முயற்சியை இகழ்வார் கூட்டத்தில் யாம் சேர்ந்திலேம். ஆயினும் ஒன்று கூறாதிருத்தல் இயலவில்லை.

ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகணம் ஸ ரி ம ப த ஸ என்பதே. அவரோகணம் ஸ நி த ப ம க ரி ஸ என்பதே. ஆரபி விரைந்து நடக்கும். தேவகாந்தாரியோ நிதானித்து, கமகங்களில் அசைந்து அசைந்து வரும். சுரங்களை மட்டும் நிரல்பட எழுதித்தரும் கருவியிடம் தேவகாந்தாரியை வேண்டினால், கிடைத்தது எவ்விராகமென யாரே துணிவர்?

1983-இல் வெளிவந்த மிடி முறை சுரங்களை ஆர்மோனியக் கட்டைகளைப்போல் எண்ணிட்டு வைக்கிறது. சுருதியை வளைக்கும் கட்டளையும் அதில் உண்டு. அதனை இட்டாலன்றித் தோடியின் காந்தாரம் அசையாது. அவ்வளைவுகளைக் கருவியிடம் கேட்டுப் பெறுவோர் நம்முள் எத்தனை பேர்? சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கெழுத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கமகங்களுக்கெனத் தனிக்குறிகள் அமைத்தார். அச்சுக் கோத்தார்க்கு அது எத்துணைத் தொல்லையோ! அத்தொல்லையை அவர் வீணே கொடுத்தாரல்லர்.

ஆதலின், இத்தகைய மெட்டொன்றை இராகப்பெயர் சூட்டிக் கல்லூரி விழாவில் அரங்கேற்ற விரும்புவோர், சங்கீதம் பயின்ற ஆசிரியர் ஒருவர்முன் அதனை முதற்கண் தம் வாயாற் பாடிக்காட்டுக. அவர் 'இஃது ஆரபி' என்பாராயின், கணினியை மூடிவிட்டு, தேவகாந்தாரியை அவரையே பாடச் சொல்லிக் கேட்க.